மந்திரமூர்த்தியின் முதுகு

ஈச்சம்பொட்டலில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியிருந்த வாரம், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், சண்முகக்கனி தன் மகள் தன்விகாவைப் பின்வாசலில் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் புருசன் மந்திரமூர்த்தி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய லேப்டாப்பைக் கெடுத்தான். கெடுக்க வேண்டும் என்று கெடுக்கவில்லை. நல்லது செய்யப்போய்த்தான் கெடுத்தான். அந்த ஊரில் கெட்டுக் கிடக்கிற சாமான்களில் பாதிக்கு மேல் அப்படிக் கெட்டவைதான்.

மந்திரமூர்த்தி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஊருக்கு அவன் வெறும் மந்திரம். சவாரி இல்லாத நேரத்தில் அந்த லேப்டாப்பில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவான், அதில் அவன் சுடுவதற்குள் அவனை எவனாவது சுட்டுவிடுவான், அதற்குக் காரணம் தன் கை இல்லை, லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டுதான் என்று அவனுக்கு ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்துக்கு வாகாக ஒருத்தன் வீடியோவில் வந்து சொன்னான்: கார்டுக்குள்ளே ஃபர்ம்வேர் என்று ஒன்று குடியிருக்கிறது, சுவிட்சைப் போட்டதும் கார்டை எழுப்பி, நீ இன்னார், உன் வேலை இன்னது, படத்தை இன்ன இடத்துக்கு அனுப்பு என்று சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மாதிரி, விலை கூடின மாடலில் இருக்கிற வாத்தியாரைக் கொண்டுவந்து இதில் உட்கார வைத்தால் இதுவும் பறக்கும், அப்படி உட்கார வைப்பதற்குப் பேர் ஃப்ளாஷ் பண்ணுவது. மந்திரம் பண்ணினான். புது வாத்தியார் வந்து உட்கார்ந்தார், இது எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியாமல் முழித்தார், ஸ்கிரீன் இருண்டுபோனது.

தலை துவட்டிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கனி உள்ளே வந்தபோது, லேப்டாப்பின் விசிறி இரைந்துகொண்டிருந்தது, ஓரத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஸ்கிரீன் மட்டும் தோசைக்கல் மாதிரிக் கருப்பாக இருந்தது. மந்திரம் கைலியோடு, சட்டை இல்லாமல், சுவரில் தொங்கிய காலண்டரை அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்த விருந்தாளி போலப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முதுகில், தோளுக்குத் தோள் அகலமாக, தன்விகாவின் முதல் பிறந்தநாள் படம் தெரிந்தது. படத்தின் மேல் அவளுடைய கோப்புகள் எல்லாம், லேப்டாப்பில் எது எந்த மூலையில் இருக்குமோ அது அந்த மூலையில், சின்னச் சின்ன மஞ்சள் பைகளாக வரிசை கட்டியிருந்தன. அவனுக்கு இடது தோள்பட்டைக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. அது பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது.

"பாப்பா," என்று தன்விகா அப்பா முதுகைக் காட்டினாள்.

"அத்தான், லேப்டாப்ப என்னத்தச் செஞ்சிய?"

"ஒண்ணுஞ் செய்யலட்டி. தானா அமந்துட்டு."

"தானா அமந்ததுக்கு ஒங்க முதுகு எதுக்கு எரியுது?"

"எரியலயே. கொஞ்சம் சூடா இருக்கு, அம்புட்டுதான்."

கனி வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. நிற்க நேரம் இல்லை. அவள் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிறவள். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுப்பட்டில் எந்த முகம் எந்தக் கம்பத்தில் தொங்கினாலும் அந்த முகம் அவள் கையால் வெளுத்து, முடி கருத்து, தாமரைமேலோ சிங்கத்தின் பக்கத்திலோ நின்றுவிட்டுத்தான் டவுன் கடையில் பிரிண்டுக்குப் போகும். கொடைக்கான பெரிய ஆர்ச் பேனர் அவளிடம் பாதியில் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது வரவில்லை என்றால் இனிமேல் வேலையே அனுப்பமாட்டேன் என்று டவுன் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த வேலை போனால் அவளுக்கு மில் வேன்தான். கல்யாணத்துக்கு முந்தி அந்த வேனில் போனவள்தான் அவள்; காலையில் ஏறினால் இருட்டி வெகு நேரம் கழித்து இறக்கிவிடுகிற வேன்; பிள்ளை முழித்திருக்கும்போது விட்டுப் போய், பிள்ளை தூங்கினபின் வரவேண்டிய வேன். இப்போதும் அது தினமும் காலையில் அவள் வாசலில் ஒரு தரம் ஹாரன் அடித்து, "என்னம்மா, வாரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். அதனால் அவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் சாய்மானத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி மந்திரத்தை உட்கார வைத்து, தேங்காய்ப்பூத் துண்டால் அவன் முதுகை ஒரு தரம் துடைத்துவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து வேலையைத் தொடங்கினாள்.

முதலில் வந்து பார்த்தது பக்கத்து வீட்டுக் கோமு மைனி. பாலுக்கு உறை வாங்க வந்தவள், கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ கனி."

"வாங்க மைனி."

"ஒங்க வீட்டுக்காரரு முதுகுல எங்க வீட்டுக்காரரு போட்டோ தெரியுதே."

"ஆமா மைனி, கொடை பேனரு."

"அதெல்லாம் சரி. அதென்ன, கமிட்டிப் பலவேசம் அண்ணாச்சி தல தர்பூசணி கணக்கா இருக்கு, எங்க வீட்டுக்காரரு தல எலந்தப்பழம் கணக்கா இருக்கு?"

அதுதான் அந்த ஊர். ஒரு மனிதனின் முதுகு எப்படி ஸ்கிரீன் ஆனது என்று ஈச்சம்பொட்டலில் ஒருத்தரும் கேட்கவில்லை. அதில் தன் படம் ஏன் சின்னதாக இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். மறுநாள் பம்புசெட்டில் மந்திரம் குளித்தபோது சோப்புப் போட்டால் படம் தெளிகிறது என்று கண்டுபிடித்தார்கள், தேங்காயெண்ணெய் தேய்த்தால் வெளிச்சம் அடித்துக் கண் கூசுகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். வேர்க்குரு வந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் கலங்கியது, அதற்கு நுங்குத் தண்ணி தடவச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் செல்போன் பழக்கத்தில் அவன் முதுகில் விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தன, படம் நகரவில்லை, மந்திரம்தான் கூச்சத்தில் நெளிந்தான். பெண்கள் மத்தியானச் சீரியலைப் போடச் சொன்னார்கள், ஆண்கள் கிரிக்கெட்டைப் போடச் சொன்னார்கள், கனி எதையும் போடாமல் பேனரில் அம்மன் கிரீடத்துக்குத் தங்க நிறம் அடித்துக்கொண்டிருந்தாள், அதையும் அவர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். பெரிய கோப்பைத் திறக்கும்போது மந்திரத்துக்கு முதுகு கொதித்தது. அப்போதெல்லாம் யாராவது ஒருத்தர் முறம் எடுத்து வீசினார்கள்.

லேப்டாப்பையும் மந்திரத்தையும் லோடு ஆட்டோவில் ஏற்றி, ஓட்டுகிறவனும் அவனேதான் என்பதால் அவனையே ஓட்டச் சொல்லி, கனி டவுனில் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரப் பையன் லேப்டாப்பின் கருப்பு ஸ்கிரீனைப் பார்த்தான், ஒரு டிவியில் சொருகிப் பார்த்தான், டிவி சிக்னல் இல்லை என்றது. பிறகு மந்திரத்தைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான்.

"டிஸ்பிளே நல்லாத்தானக்கா வருது?"

"முதுகுல வருதுல்ல தம்பி."

"எங்கயோ ஒரு எடத்துல வருதுல்ல? வராட்டாதான் கம்ப்ளைண்ட்டு. ஃபர்ம்வேர் மாறிப்போச்சு. ஃப்ளாஷ் பண்ணுறதுக்கு முந்தி பழசை எடுத்து வச்சிருந்தா அதத் திரும்ப ஏத்துனா சரியாப் போவும். இல்லன்னா போர்டை மாத்தணும். போர்டை மாத்துறதுக்குப் புதுசே வாங்கிரலாம்."

"அத்தான், பழச எடுத்து வச்சியளா?"

"இல்லட்டி," என்றான் மந்திரம், கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு கனிக்குக் கஷ்டம் லேப்டாப்பால் வரவில்லை, முதுகால் வந்தது. ஏனென்றால் அதுவரைக்கும் மந்திரத்தை ஊரில் யாரும் நின்று பார்த்ததில்லை. ஆட்டோவைப் பார்த்தார்கள், அதில் ஏற்றின வாழைத்தாரைப் பார்த்தார்கள். இப்போது டீக்கடையில் அவன் வந்தால் பெஞ்சில் நடு இடம் ஒழித்துக் கொடுத்தார்கள், திரும்பி உட்காரச் சொல்லி வடை வாங்கிக் கொடுத்தார்கள், பக்கத்து ஊரிலிருந்து மச்சினன்மாரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவன் சட்டை போடுவதை விட்டான். காலையில் குளித்து, முதுகுக்கு மட்டும் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினால், சாப்பாட்டுக்குத்தான் திரும்பினான். கனி வீட்டில் இருட்டு ஸ்கிரீன்முன் உட்கார்ந்து தட்டுவாள், அங்கே டீக்கடையில் படம் மாறும், அங்கிருந்து கோமு மைனி வீட்டுக்காரர் போனில் கத்துவார்: "ஏ கனி, கொஞ்சம் இடதுல நகத்து! போதும், போதும்! ஏ, கூடிட்டு, அம்மன் கை மறைஞ்சிட்டு!" இப்படி ஒரு முழுப் பகல் உழைத்து அவள் முடித்தது அம்மனின் ஒரு வளையல்.

இதற்கிடையில் கொடைக் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் சுடலைமணி தெற்குத் தெருக்காரர், செயலாளர் பலவேசம் வடக்குத் தெருக்காரர், இருவருக்கும் ஒரே அம்மன் என்பதைத் தவிர வேறு எதிலும் ஒற்றுமை கிடையாது. தலைவர் எழுந்து, ஆர்ச் பேனரே இந்த வருசம் வேண்டாம், கோயில் வாசலில் மந்திரத்தை நிறுத்திவிடுவோம், படம் மாறி மாறி ஓடும், சுற்றுப்பட்டில் எந்தக் கொடையிலும் இப்படி ஒன்று கிடையாது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மந்திரம் தலைகுனிந்து நின்றான், காது வரைக்கும் சிரிப்பு.

பலவேசம் கைதட்டவில்லை. "அவன் எந்தப் பக்கம் பாத்து நிப்பான்?"

"அம்மனப் பாத்துத்தாம்வே நிப்பான். அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்க முடியுமா?"

"அம்மனு வடக்க இருக்கா. அம்மனப் பாத்து நின்னா முதுகு ஒங்க தெருவுக்கு, மூஞ்சி எங்க தெருவுக்கா? எங்களுக்கு இவன் மூஞ்சியப் பாக்கவா வரி போட்டுக் கொடை கழிக்கோம்?"

அதோடு அந்த யோசனை செத்தது. முகத்தைவிட முதுகுக்கு மதிப்புக் கூடின ஒரு மனிதனை எந்தத் திசையில் நிறுத்தினாலும் பாதி ஊருக்கு நஷ்டம். ஆக ஆர்ச் பேனர் பழையபடி வேண்டும், இரண்டு தெருவுக்கும் ஒரே அளவில், வெள்ளிக்கிழமைக்குள். கமிட்டி கலைந்து டீக்கடைக்குப் போனது, மந்திரமும் கூடவே போனான்.

வியாழக்கிழமை காலையில் டவுன் கடைக்காரர் கூப்பிட்டு, "அனுப்புறியாம்மா, இல்ல நான் வேற ஆளப் பாக்கட்டா?" என்றார். அவர் போனை வைத்த கையோடு வாசலில் வேன் ஹாரன் கேட்டது. "என்னம்மா, ஏலாதுன்னா சொல்லு, திங்கக்கிழமையிலேருந்து ஒனக்கு ஒரு சீட் போட்டு வைக்கேன்," என்றார் டிரைவர், நல்ல மனுசன். தன்விகா வேனுக்கு டாட்டா காட்டினாள். வேனுக்குள் இருக்கிறவர்களுக்கு டாட்டா காட்டுவது அவளுக்கு விளையாட்டு. அவள் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கனி, திங்கட்கிழமை அந்தக் கை தனக்கு ஆடும் என்று நினைத்தாள். பிறகு சமையலை முடித்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போய், நடு பெஞ்சிலிருந்த புருசனை, "சாப்பிட வாங்க அத்தான், அயிரை மீன் வச்சிருக்கேன்," என்று கூட்டிவந்தாள். மீன் வைத்தது உண்மைதான். அவள் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள்.

சாப்பிட்டானதும் வாசலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். முதுகு வெளியே வந்ததென்றால் கூட்டம் தானாக வரும், வந்தது. கோமு மைனி முறத்தோடு வந்தாள், தலைவரும் பலவேசமும் அளவு பார்க்க வந்தார்கள்.

"கடைசியாக் கேக்கேன் அத்தான். பழச எடுத்து வைக்கவே இல்லையா?"

"எத்தன மட்டம் கேப்ப? இல்லன்னா இல்ல. அம்மன் மேல சத்தியமா இல்ல."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கனி லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தாள், தேடுவது எல்லாம் அவன் முதுகில் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குத்தான் அது தெரியாது. ஊரில் எல்லாருக்கும் தெரிகிற ஒன்று அவன் ஒருத்தனுக்குத் தெரியாது.

"கனி," என்றாள் கோமு மைனி, முறத்தால் சுட்டிக்காட்டி. "வலது விலாக்கிட்ட ஒரு மஞ்சப்பை இருக்கு பாரு. அதுல என்னமோ எழுதியிருக்கு."

பலவேசம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "ப... ழ... சு. பழசு."



"நல்லா இருக்கு," என்றாள் கோமு மைனி. "மூஞ்சி ஒண்ணு சொல்லுது, முதுகு ஒண்ணு சொல்லுது. நம்ம எதுக்கிட்டப் பேச?"

மந்திரம் நாற்காலியின் சாய்மானத்தில் நாடியை ஊன்றினான். பிறகு, முன்னால் இருந்த சுவருக்குச் சொல்வது போல மெல்லச் சொன்னான்: "எடுத்து வச்சேன். வீடியோல வைக்கச் சொன்னான், வச்சேன். ஆனா இன்னொரு மட்டம் கை வச்சு, பாதியில கரண்டு போயி, இதுவும் அமந்துட்டுன்னா? இப்பம் முதுகுலயாவது தெரியுது. அதுவும் போச்சுன்னா நீ வேன்ல ஏறணும். என்னாலதான் ஏறுனன்னு இருக்கும்." காலால் தரையைத் தேய்த்தான். "வடையும் வாங்கித் தாராங்க."

கனிக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டாள். "தெரியுதுதான் அத்தான். ஆனா ஒங்க முதுகுக்குப் பின்னாலயே நான் எம்புட்டு காலம் நடக்கது? ஒருநாள் ஒங்க மூஞ்சியப் பாத்தும் பேசணும்ல."

லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாளாகிறது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஃபர்ம்வேர் ஏறும்போது கரண்டு போனாலும் போச்சு. முதுகு அசைந்தால் எழுத்தைப் படிக்க முடியாது, படிக்காமல் தட்டினாலும் போச்சு. மந்திரமோ வடை வாசனை வந்தாலே எழுந்துவிடுகிற ஆள், கூட்டமோ மூச்சு விடுவதையே சத்தமாகச் செய்கிற கூட்டம். இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அசையாமல் வைக்க என்ன செய்வது என்று வேறு யாராக இருந்தாலும் யோசித்து மண்டையைக் குழப்பியிருப்பார்கள். கனிக்கு அது தினசரி வேலை. பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து தன்விகாவுக்கு ஊட்டினாள், முகம் கழுவிவிட்டாள், பிள்ளை கண்ணைக் கசக்குகிற நேரம் பார்த்து, வாசல் திண்ணையில் மின்விசிறிக்குக் கீழே சுவரைப் பார்க்கச் சம்மணம் போட்டு உட்கார வைத்திருந்த மந்திரத்தின் மடியில் போட்டாள். அவன் தொடையை ஆட்டினான், பிள்ளை அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

இனி அவன் அசையமாட்டான். தூங்கின பிள்ளை மடியில் கிடக்கும்போது பூமி அதிர்ந்தாலும் அசையாத ஒரு சாதி இருக்கிறதென்றால் அது தகப்பன்மார்தான். பிள்ளை எழுந்தால் திரும்பத் தூங்க வைக்க வேண்டியது அவன்தான் என்று கனி சட்டம் போட்டிருந்தாள். கூட்டமும் அடங்கியது. கமிட்டியில் கரண்டிச் சத்தம் போல ஓயாமல் பேசுகிற தலைவர், "பிள்ள தூங்குது," என்று யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

கனி தட்டினாள். முதுகு கருத்தது, கருப்பில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி வந்தது, பழசை ஏற்றவா, ஏற்றினால் நடுவில் நிறுத்தமுடியாது என்று கேட்டது. அவள் அம்மனையும் கேட்கவில்லை, ஆளையும் கேட்கவில்லை. ஏற்று என்று தட்டினாள். இடது விலாவிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு புறப்பட்டு, எறும்பு ஊர்கிற மாதிரி, முதுகுத்தண்டை நோக்கி ஊர்ந்தது. மந்திரத்துக்கு அது அரித்தது. அவன் சொறியவில்லை. மச்சத்தை ஒட்டி அது போகும்போது அவன் கால் விரல் பத்தும் மடங்கின. பிள்ளையின் கையில் இருந்த சுண்டுவிரல் மட்டும் அப்படியே இருந்தது.

கோடு பாதி முதுகைத் தாண்டியபோது தலைக்கு மேல் ஓடின மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. கரண்டு இறங்குகிறது. தண்ணீர்த் தொட்டி மோட்டாரை யாரோ போட்டிருக்கிறார்கள். தெற்குத் தெருவில் மோட்டார் போட்டால் கனி வீடு இருக்கிற வடக்குத் தெருவில் விளக்கு மங்கும், அதற்குத்தான் பல வருசமாகச் சண்டை. பலவேசம் தலைவரைப் பார்த்தார். தலைவர் போனை எடுத்து, வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கெஞ்சுகிற குரலில், "ஏல, மோட்டார நிப்பாட்டுல. பலவேசம் தெருவுக்கு வெளிச்சம் வேணும்ல," என்றார். அப்படி ஒரு வாக்கியம் அந்த வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மின்விசிறி திரும்ப வேகம் எடுத்தது. கோடு வலது விலாவைத் தொட்டது, முதுகு பொசுக்கென்று அணைந்தது.

லேப்டாப்பும் இருட்டு, முதுகும் இருட்டு. கனி சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்தாள், தன் மூச்சையும் அதோடு பிடித்தாள், திரும்பப் போட்டாள். பழைய வாத்தியார் வந்து, நாற்காலியைத் துடைத்து, உட்கார்ந்தார். ஸ்கிரீனில் தன்விகா முதல் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் சிரித்தாள்.

மந்திரத்தின் முதுகில் வேர்க்குரு இருந்தது, பவுடர் திட்டு இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. கூட்டம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தது. "இவ்வளவுதானா," என்றார் ஒருத்தர். "மத்தியானச் சீரியலுக்கு இனி எங்க போக?" என்றாள் கோமு மைனி, அந்த முதுகில் ஒருநாளும் சீரியல் ஓடியதில்லை என்பதை மறந்து. முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

பிள்ளை முழித்தபின் மந்திரம் கால் மரத்து நொண்டிக்கொண்டு வந்து ஸ்கிரீனை எட்டிப்பார்த்தான். பிள்ளையின் கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி இருந்தது. துண்டு முனையால் துடைத்தான், எச்சில் தொட்டுத் துடைத்தான். "இதென்னட்டி அழுக்கு, போக மாட்டேங்கு?"

"தொடைக்காதிய. அது ஒங்க மச்சம்."

"எனக்கு ஏது மச்சம்?"

அவன் பிறந்ததிலிருந்து அது அவன் முதுகில்தான் இருந்தது; இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறான். கையை வளைத்துத் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தான், அங்கே மொழுமொழுவென்று இருந்தது.

பேனர் அன்றைக்கே டவுனுக்குப் போனது, வெள்ளிக்கிழமை ஆர்ச்சில் ஏறியது. இரண்டு தெரு முகங்களும் ஒரே அளவு. பலவேசம் நூல் பிடித்து அளந்தார். தலைவர் கன்னத்தில் மட்டும் ஒரு கரும்புள்ளி அச்சாகியிருந்தது.

"இது என் கன்னத்துல கிடையாதே?" என்றார் தலைவர்.

"திருஷ்டிப் பொட்டு மாமா," என்றாள் கனி. தலைவர் தன் படத்தை இன்னொரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வைக்க வேண்டியதுதான் என்கிற மாதிரித் தலையாட்டினார். பலவேசம் உடனே வந்து, எனக்கு ஏன் வைக்கவில்லை என்று சண்டை பிடித்தார். கொடை அப்படித்தான் தொடங்கியது.

திங்கட்கிழமை வேன் வந்தது. டிரைவர் ஆர்ச்சைப் பார்த்தார், ஹாரன் அடிக்காமல் போனார். தன்விகா வேனுக்கு டாட்டா காட்டினாள், கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு காதுகுத்து பேனரைத் திறந்தாள். மந்திரம் சட்டையை மாட்டிக்கொண்டு வாழைத்தார் ஏற்றப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட அவளுக்குப் போன் தேவைப்படவில்லை. சோறு வெந்து இறக்கினதும் ஸ்கிரீனில் இருந்த அந்த மச்சத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுவாள். டவுன் ரோட்டில் எங்கேயோ லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறவன் சீட்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, நெளிந்து, சிரித்து, வண்டியை வீட்டைப் பார்க்கத் திருப்புவான்.